உங்களுக்குத் தெரியுமா? மரத்தளம் ஸ்பெஷல்!

கிள்ளையில் புது வீடா? டைல்ஸ் வேண்டாம், ஒரு அறைக்காவது மரப்பலகையில் தளம் போட வேண்டும் என்று ஆசையா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்!

'ஹார்ட்வுட்' என்றால் கெட்டியான மரம் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லவே இல்லை! நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும் பால்சா மரமும் ஹார்ட்வுட்தான்! தாவரவியல் பார்ப்பது பூவைத்தான், உறுதியை அல்ல!

இன்னும் கேளுங்கள். நம் பிச்சாவரத்துத் தில்லை மரமும் ஹார்ட்வுட்! சிதம்பரத்தின் தலமரம்! ஆனால் தொட்டால் மெத்து. சுந்தரவனத்துத் தில்லை மரத்தை வங்கதேசத்தின் குல்னாவில் கூழாக்கி எதற்குப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? செய்தித்தாள் அச்சிடும் காகிதத்துக்கு!

மரத்தின் கெட்டித்தனத்தை அளக்க ஒரு சோதனை இருக்கிறது. பெயர் ஜங்கா. 11.28 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு ஒன்றைப் பலகையில் பாதி புதையும் வரை அழுத்துவார்கள். தேக்குக்குச் சுமார் 485 கிலோ அழுத்தம் போதும். அமெரிக்கச் சிவப்பு ஓக் சுமார் 585 கிலோ கேட்கும். தென்னமெரிக்காவின் இப்பே மரமோ 1,500 கிலோவைத் தாண்டும்! நம் ராஜா தேக்கு இந்தப் போட்டியில் ஓக்கிடமே தோற்றுவிடுகிறது!

அப்புறம் ஏன் அது ராஜா? அசையாததால்! பச்சை மரம் முழுசாகக் காயும்போது சிவப்பு ஓக் பலகை அகலத்தில் 8.6 சதவீதம் வரை சுருங்கும். தேக்கு? வெறும் 5.8!

அறுத்த பிறகும் மரம் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும், திருப்பி விடும். ஆயுசு முழுக்க! வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், கிழக்கே கடல் என்று ஈரம் சூழ்ந்த கிள்ளையில் ஐப்பசி அடைமழை பிடித்தால் கேட்கவே வேண்டாம்! பத்தடி அகல அறை. தேக்குப் பலகையில் ஈரம் நாலே நாலு சதவீதம் ஏறுகிறது. கணக்குப் போட்டால் தளம் மொத்தமும் சுமார் 22 மில்லிமீட்டர் விரியப் பார்க்கும்! இடம் கொடுக்காவிட்டால் நடுவில் கூடாரம் போலத் தூக்கிக்கொண்டு நிற்கும்!

அதனால்தான் நல்ல ஆசாரி சுவரோரம் சுற்றிலும் 10 முதல் 12 மில்லிமீட்டர் விட்டுவிடுவார். இந்தப் பக்கம் 11, அந்தப் பக்கம் 11. கூட்டிப் பாருங்கள், அதே 22! மேலே ஸ்கர்ட்டிங் கட்டை மூடிவிடும். யாருக்கும் தெரியாது!

ஆனால் நீளவாக்கில்? பலகை ஏறக்குறைய அசையவே அசையாது! ஒரே மரம், இரண்டு குணம்!

பலகைக்கு அடியில் வரும் சிமெண்ட் தளம் பார்வைக்குக் காய்ந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கைக்கணக்கு. நாலு அங்குலக் கான்கிரீட்டா? நாலு மாதம்!

சந்தேகமா? ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் ஷீட்டைத் தரையில் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டுங்கள். 16 மணி நேரம் கழித்துப் பிரியுங்கள். அடியில் முத்து முத்தாக வியர்த்திருக்கிறதா? தரை கறுத்திருக்கிறதா? பலகையைத் தொடாதீர்கள்! சல்லிக் காசு செலவில்லாத இந்தச் சோதனை லட்ச ரூபாய்த் தளத்தைக் காப்பாற்றும்!

பலகை வந்த அன்றே அடிக்கக் கூடாது! கட்டைப் பிரித்து, அதே அறையில் சில நாள் கிடக்க விட வேண்டும். உங்கள் ஊர்க் காற்றுக்கு மரம் பழக வேண்டும்!

இத்தனை ஆணி அடிக்கிறார்களே, முடிந்தபின் ஒன்றாவது கண்ணில் படுகிறதா? படாது! பலகையின் ஒரு ஓரம் நாக்கு, மறு ஓரம் பள்ளம். நாக்கின் மேல் 45 டிகிரி சாய்வில் ஆணி இறங்கும். அடுத்த பலகையின் பள்ளம் அதை அப்படியே விழுங்கிவிடும்!

19 மில்லிமீட்டர் முழுமரப் பலகை கீறல் விழுந்து பழசாகிவிட்டதா? இழைத்தால் புதுசு! நாலைந்து முறை இழைக்கலாம். டைல்ஸில் முடியுமா?

ஆனால் வெள்ளிக்கிழமை வாளி வாளியாக ஊற்றிக் கழுவும் வழக்கம் மட்டும் இங்கே கூடவே கூடாது! பிரான்ஸ் அரண்மனையே பட்ட பாடு இது. வெர்சாய் அரண்மனையில் பளிங்குத் தரையைக் கழுவிய நீர் கசிந்து, கீழே தாங்கிய உத்தரங்கள் உளுத்துப் போயின. 1684-ல் பளிங்கைப் பெயர்த்துவிட்டு மரத்தளம் போட்டார்கள்!

தளம் கிறீச்சிட்டால் ஆசாரியைத் திட்டுவோம். ஜப்பானின் கியோட்டோவில் உள்ள நிஜோ கோட்டையில் கிறீச்சிடுவதுதான் பெருமை! கால் வைத்தால் அடியில் ஆணியும் இரும்புப் பிடியும் உரசி, குருவி கத்துவது போலவே ஒலிக்கும்!

மூங்கில் தளம் மரத்தளமா? மூங்கில் ஒரு புல்! பழைய கணக்கில் பனையும் தென்னையும்கூட அந்தக் கட்சிதான். வைரம் வெளிப்பக்கம் இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம். இதை முதலில் வகுத்தவர்கள் ஐரோப்பியர்கள் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். தொல்காப்பியத்தின் மரபியலிலேயே இருக்கிறது!

மரம் தளத்துக்கு மட்டுமா? சிதம்பரம் சிற்சபையின் பொன்வேய்ந்த கூரையை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். அந்தச் சபை மரத்தால் ஆனது என்று கவனித்தீர்களா? பொன் ஓடுகள் 21,600, ஒரு நாள் மூச்சின் கணக்காம். ஆணிகள் 72,000, உடலின் நாடிக் கணக்காம். மரபு சொல்லும் எண் இது!

பண்ருட்டிப் பலா பழத்துக்கு மட்டுமா? தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் பிறக்கிறது! ஒரே கட்டையைக் குடைந்து செய்தால் ஏகாந்த வீணை! அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும் பலாப் பலகை, வெளிச்சம் பட்டுப் பட்டுத் தானாகவே காப்பி நிறமாகும். இலங்கையிலும் தாய்லாந்திலும் பிக்குகளின் காவி உடைக்குச் சாயம் கொடுத்ததும் இதே பலா வைரம்தான்!

செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்கு எப்படி வந்தது? பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கிவிடும்! அதனால் பர்மாவில் நின்ற நிலையிலேயே அடிமரத்தைச் சுற்றி வளையமாக வெட்டி, இரண்டு மூன்று ஆண்டு காயவிட்டு, அப்புறம்தான் சாய்த்து ஆற்றில் மிதக்கவிட்டார்கள்! காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால், பழைய வீடுகளிலிருந்து பிரித்த மரங்களை இன்றும் விலை பேசலாம்!

தேக்கு எத்தனை காலம் தாங்கும்? 1817-ல் பம்பாயில் மலபார்த் தேக்கால் கட்டிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று, இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதக்கிறது. அந்தக் கப்பலின் பெயர்? திருகோணமலை!