‘கொம்பியூட்டர்’ என்ற ஒரு சொல்லும் பல பட்டங்களும்: படுவான்கரைப் பிள்ளை எதைத் தெரிவது?

“எங்கட மகள் கொம்பியூட்டர்தான் படிக்கப் போறாவாம் தம்பி. அதுக்கு எந்தக் கெம்பஸ் நல்லம்?”

கொக்கட்டிச்சோலைச் சந்தியில் ஒரு தாய் என்னிடம் கேட்டது இது. மகள் சாதாரண தரப் பெறுபேற்றை எடுத்துவிட்டு உயர்தர வகுப்புக்குக் காத்திருக்கிறாள். பல்கலைக்கழகத்தைப் பற்றிக் கேட்பதற்கு இன்னும் காலம் இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தபோது அந்தத் தாய் சரியான நேரத்தில்தான் கேட்டிருக்கிறார் என்று பட்டது. கணினித் துறையில் எந்தப் பட்டம் என்பது உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு மட்டும் தீர்மானிக்கப்படும் விடயம் அல்ல. உயர்தரத்துக்கு எந்தப் பிரிவு, எந்த மூன்று பாடம் என்று படிவம் நிரப்பும் அன்றே பாதிக் கதவுகள் திறந்துவிடுகின்றன, மீதி மூடிவிடுகின்றன. அது நமது வீடுகளில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. ஊடகக் கற்கை படித்து முடித்த பிறகுதான், என் உயர்தரப் பாடங்களோடு வேறு எதற்கெல்லாம் விண்ணப்பித்திருக்கலாம் என்பதைக் கையேட்டில் பார்த்தேன்.

படுவான்கரையில் இந்தத் தெரிவு இன்னும் இறுக்கமானது. 2007 வரை போர்முனையாக இருந்த நிலம் இது. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் வரை எழுவான்கரைக்குப் போக வேண்டுமென்றால் வாவியில் ‘பாதை’க்குக் காத்து நிற்க வேண்டும். இடம்பெயர்வில் ஆண்டுகளைத் தொலைத்த பெற்றோரின் பிள்ளைகள்தான் இன்று உயர்தர வகுப்பில் இருக்கிறார்கள். கணிதப் பிரிவை ஒழுங்காக நடத்தக்கூடிய பாடசாலைகள் இந்தக் கரையில் குறைவு. கலைப் பிரிவுதான் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆகவே பிள்ளை விரும்பித் தெரிவதை விட, பாடசாலையில் எந்த ஆசிரியர் இருக்கிறாரோ அந்தப் பாடமே பல நேரங்களில் பிள்ளையைத் தெரிந்துவிடுகிறது.

பெயர்களுக்குள் என்ன இருக்கிறது?

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கையேட்டைத் திறந்தால் கணினி விஞ்ஞானம், தகவல் தொழில்நுட்பம், தகவல் முறைமைகள், மென்பொருள் பொறியியல், தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் என்று பெயர்கள் வரிசையாக வரும். கேட்க எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். நமக்குப் பழகிய ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்த ஒருவர் பிரதேச செயலகத்துக்குப் போகிறார். அவருடைய பெயர் தமிழில் ஒரு விதமாகவும், சிங்களப் பதிவில் இன்னொரு விதமாகவும், ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலிலும் இருக்கிறது. இலட்சக்கணக்கான பதிவுகளுக்குள் இந்த நான்கு பெயரும் ஒரே ஆள்தான் என்று கணினி எப்படிக் கண்டுபிடிக்கும்? அதற்கான கணக்கு முறையை யோசிப்பது கணினி விஞ்ஞானம். எண்கோவை, தர்க்கம், நிகழ்தகவு என்று கணிதம் நிறைந்த படிப்பு அது. கணிதத்தில் மனம் ஒட்டாத பிள்ளைக்கு இரண்டாம் வருடத்தில் மூச்சுத் திணறும்.

அந்தச் செயலகத்தின் கணினிகள், வலையமைப்பு, தரவுத்தளம் என்பன மின்சாரம் போய் வந்தாலும் தரவு அழியாமல் இயங்க வேண்டும். வெளியார் புகுந்து களவெடுக்காமலும் இருக்க வேண்டும். அதைக் கட்டி நடத்தக் கற்பிப்பது தகவல் தொழில்நுட்பம். கவுண்டரில் இருக்கும் எழுதுவினைஞருக்கு எந்தத் திரை வேண்டும், கிராம சேவையாளரின் உறுதிப்படுத்தல் எந்தக் கட்டத்தில் வர வேண்டும், ஏழு தடவை அலைவதை எப்படி இரண்டாகக் குறைக்கலாம் என்று அலுவலகத்தையும் மனிதரையும் சேர்த்து யோசிப்பது தகவல் முறைமைகள். இதற்குள் முகாமைத்துவமும் கொஞ்சம் கணக்கியலும் கலந்திருக்கும். அந்த முழு மென்பொருளையும் இருபது பேர் சேர்ந்து பிழையில்லாமல் எழுதி, பரிசோதித்து, ஐந்து வருடம் கழித்துச் சட்டம் மாறினாலும் திருத்தக்கூடியதாக வைத்திருப்பது மென்பொருள் பொறியியல்.

முதலாவது உயர்ந்தது, மற்றவை அதற்குக் கீழே என்று ரியூசன் வகுப்புகளில் ஒரு கதை உலாவுகிறது. அது பிழை. வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் பட்டத்தின் பெயரைப் பார்த்துவிட்டு, பிள்ளை என்ன செய்து காட்டுகிறது என்பதைத்தான் கேட்கின்றன. ஆனால் நான்கு வருடம் எதைப் படித்துக்கொண்டிருக்கப் போகிறோம் என்பது பெயரில்தான் இருக்கிறது.

எந்தப் பிரிவுக்கு எந்தக் கதவு?

கணினி விஞ்ஞானப் பட்டங்களில் பெரும்பாலானவை இணைந்த கணிதம் படித்த பௌதிக விஞ்ஞானப் பிரிவினரை எதிர்பார்க்கின்றன. அந்தப் பிரிவில் இரசாயனவியலுக்குப் பதிலாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தை ஒரு பாடமாக எடுக்கலாம். கணினிதான் இலக்கு என்று தெளிவாக இருக்கும் பிள்ளைக்கு இது நல்ல சேர்க்கை. ஆனால் பொறியியல் பீடங்கள் இரசாயனவியலைக் கேட்பதால், கணினிப் பொறியியல் என்ற கதவு அன்றே அடைபட்டுவிடும். இதைத் தெரிந்துகொண்டு எடுப்பது வேறு, தெரியாமல் எடுப்பது வேறு.

2013இல் தொடங்கப்பட்ட தொழில்நுட்பப் பிரிவு இரண்டாவது வழி. தொழில்நுட்பவியலுக்கான விஞ்ஞானம், பொறியியல் அல்லது உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல், மூன்றாவதாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் என்று எடுத்தவர்களுக்கென்றே தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பட்டம் இருக்கிறது. இணைந்த கணித ஆசிரியர் இல்லாத கிராமத்துப் பிள்ளைக்கு இது உண்மையான ஒரு வாசல். மூன்றாவது பாடமாக வேறொன்றை எடுத்துவிட்டு, பெறுபேறு வந்த பிறகு கைசேதப்படுகிறவர்கள்தான் அதிகம்.

வர்த்தகப் பிரிவினர் முகாமைத்துவத்தோடு தகவல் தொழில்நுட்பம் இணைந்த பட்டங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அப்படியொன்று இருக்கிறது. கலைப் பிரிவிலும் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தை ஒரு உயர்தரப் பாடமாக எடுக்க முடியும் என்பது பல பெற்றோருக்குப் புதிய செய்தி. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் தகவல் முறைமைகள் பட்டமும் கணிதப் பிரிவினருக்கு மாத்திரம் உரியதல்ல. ஆனால் சில பாடநெறிகள் சாதாரண தரத்தில் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் பெற்ற பெறுபேற்றையும் பார்க்கின்றன. ஓ.எல் ஆங்கிலத்தில் ‘எஸ்’ வந்தால் போதும் என்று விட்டுவிடுகிற நமது பழக்கம் இந்த இடத்தில்தான் திரும்பி வந்து கடிக்கிறது.

வாவி தெரியாத கோட்டா

அநேகமான பாடநெறிகளுக்கு இடங்கள் மூன்றாகப் பிரிக்கப்படுகின்றன. 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு. 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப. 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என அடையாளங்காணப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பு அந்த 16இல் ஒன்று. ஆகவே கொழும்பு மாவட்டத்தின் இசட் வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. பாடநெறி, பல்கலைக்கழகம், மாவட்டம் மூன்றும் சேர்ந்த அட்டவணையை ஆணைக்குழு வெளியிடுகிறது. அதில் மட்டக்களப்புக்கு நேரே உள்ள எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்த எண்ணுக்காகப் படுவான்கரைப் பிள்ளை போட்டியிடுவது நகரத்தின் பெரிய பாடசாலைப் பிள்ளைகளோடு. ஒரே மாவட்டம், ஒரே வெட்டுப்புள்ளி. மாவட்டத்தை ஒன்றாகப் பார்க்கும் கோட்டாவுக்கு நடுவில் ஒரு வாவி கிடப்பது தெரியாது. மட்டக்களப்பு மேற்கு வலயத்துக்கு ஆசிரியர் கேட்டுப் பெற்றோர் குரல் கொடுக்கும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே பேச வேண்டும்.

விண்ணப்பிக்கும்போது பலர் விடுகிற பிழை, போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்துக் கிடைக்கக்கூடியதை மேலே போட்டு, விரும்புவதைக் கீழே போடுவது. நீங்கள் கொடுக்கும் வரிசையில் உங்கள் புள்ளிக்குக் கிடைக்கும் முதலாவது பாடநெறியே தரப்படும். விரும்புவதை முதலில் போட்டால் இழப்பு ஒன்றுமில்லை. இன்னொன்று, சில பாடநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதற்கான அறிவித்தலை அந்தந்தப் பல்கலைக்கழகம் தனியாக வெளியிடும், தனியாகவே விண்ணப்பிக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் இசட் புள்ளி எவ்வளவு இருந்தும் பயனில்லை.

தூரத்துக்குப் பயப்படும் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியது, கிழக்கிலும் வடக்கிலும் இந்தத் துறைக்கு இப்போது இடம் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் கற்பிக்கப்படுகிறது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்ப பீடம் இருக்கிறது. 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் தகவல் தொழில்நுட்பமும் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் கணினி விஞ்ஞானம், அதன் கிளிநொச்சிப் பொறியியல் பீடத்தில் கணினிப் பொறியியல். எங்கே போனாலும் படிப்பு ஆங்கிலத்தில்தான். தமிழ்ச் சூழலில் இருக்கும் பல்கலைக்கழகம் என்பதால் விரிவுரை தமிழில் நடக்கும் என்று எண்ணிப் போகிற பிள்ளைகள் முதல் மாதத்திலேயே தளர்ந்துபோகிறார்கள்.

உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையில் ஒரு வருடமோ அதற்கு மேலோ கிடைக்கும். அந்தக் காலத்தில் இலட்சக்கணக்கில் கட்டி ஏதோ ஒரு ‘டிப்ளோமா’வில் சேர்வதை விட, தினமும் ஒரு மணித்தியாலம் ஆங்கிலமும் ஒரு மணித்தியாலம் பைதனும் படிப்பது மேல் என்பது என் எண்ணம். பைதன் உயர்தரப் பாடத்திட்டத்திலேயே இருக்கும் நிரலாக்க மொழி. பழைய கைத்தொலைபேசியிலும் இலவசமாகப் பழகலாம்.

தெரிவாகாதவர்களுக்கு

கொக்கட்டிச்சோலையிலிருந்து பாலத்தைக் கடந்தால் ஆரையம்பதி, கோவில்குளத்தில் உயர் தொழில்நுட்பவியல் நிறுவகம் இருக்கிறது. அரச நிறுவனம். தகவல் தொழில்நுட்ப உயர் தேசிய டிப்ளோமா போன்ற பாடநெறிகளுக்கு அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும்; மானியங்கள் ஆணைக்குழுவின் படிவத்தோடு இது சேராது. வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பதால், குறிப்பாகப் பெண் பிள்ளைகளை வெளியே அனுப்பத் தயங்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி 2000ஆம் ஆண்டு முதல் நடத்தும் பி.ஐ.ரி வெளிவாரிப் பட்டம் இன்னொரு வழி. முதலாம் கட்டத்தில் டிப்ளோமா, இரண்டாம் கட்டத்தில் உயர் டிப்ளோமா என்று இடையில் நிறுத்தினாலும் கையில் ஒன்று மிஞ்சும். வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்கு ஏற்றது. ஆனால் தானாகப் படிக்கும் ஒழுங்கு இல்லாதவரை அது இழுத்தடித்துவிடும்.

நகரத்தில் பளபளக்கும் பெயர்ப்பலகைகள் விடயத்தில் மட்டும் அவதானம். பட்டத்தை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம், அதை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்காமல் முற்பணம் கட்டாதீர்கள். நகை அடகு வைத்த காசு அது.

தகவல் என்பது கணினி மட்டுமா?

கையேட்டில் ஒரு மூலையில் கிடக்கும் நூலக, தகவல் விஞ்ஞானத்தைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. களனிப் பல்கலைக்கழகத்தில் அதற்கொரு துறை இருக்கிறது. இலங்கை நூலகச் சங்கத்தின் டிப்ளோமாவைத் தமிழிலும் படிக்கலாம். எதைச் சேகரிப்பது, எப்படி வகைப்படுத்துவது, முப்பது வருடம் கழித்துத் தேடுகிறவருக்கு எப்படிக் கிடைக்கச் செய்வது என்பதே அந்தப் படிப்பு. கலைப் பிரிவுப் பிள்ளைக்கும் அது எட்டக்கூடியது.

அது நமக்கு எவ்வளவு தேவை என்பதற்கு இந்த ஊரை விட வேறு சாட்சி வேண்டாம். 1991 ஜூன் 12ஆம் திகதி மகிழடித்தீவிலும் முதலைக்குடாவிலும் இராணுவத்தால் கொல்லப்பட்டவர்கள் எத்தனை பேர்? ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு ஏற்றுக்கொண்ட எண்ணிக்கை 67. ஊரில் ஆண்டுதோறும் நினைவுகூரப்படும் எண்ணிக்கை 152. இரண்டுக்கும் இடையில் இருக்கும் பெயர்கள் எந்த ஏட்டில், எந்த வீட்டுப் பெட்டியில், யாருடைய ஞாபகத்தில் கிடக்கின்றன? அவற்றைப் பெயர், வயது, இடம், சாட்சி என்று ஒழுங்குபடுத்தி, மூலப் பிரதியைப் பாதுகாத்து, நீதிமன்றமோ ஆய்வாளரோ கேட்டால் எடுத்துக் கொடுக்கக்கூடியவர் பயிற்சி பெற்ற ஒருவராக இருக்க வேண்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட சமூகத்தில், 2005இல் தன்னார்வலர்கள் சேர்ந்து தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் இன்று யாரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறது. அதற்குள் நிரலாக்கமும் இருக்கிறது, வகைப்படுத்தலும் இருக்கிறது. இந்தப் படிப்புக்கு மென்பொருள் நிறுவனச் சம்பளம் கிடைக்காது என்பதை மறைக்க விரும்பவில்லை. அரச நூலகங்கள், பல்கலைக்கழகங்கள், ஆவணக்காப்பகங்கள் என்று வேலை இருக்கும் இடங்களும் குறைவு. தெரிந்துகொண்டு போகிறவர்கள் போக வேண்டிய துறை அது.

சந்தியில் நின்ற அந்தத் தாய்க்கு இவ்வளவும் சொல்ல நேரம் இருக்கவில்லை. உயர்தரப் பிரிவைத் தெரிவதற்கு முன்பு கையேட்டை ஒருமுறை மகளோடு உட்கார்ந்து பாருங்கள், தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தை ஒரு பாடமாக வைத்துக்கொள்ளப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். மகள் சற்றுத் தள்ளி சைக்கிளைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“எங்கட ஸ்கூல்ல கம்பைன்ட் மெத்ஸ் படிப்பிக்க சேர் வருவாராண்ணா?”

அதற்குப் பதில் என்னிடம் இல்லை. வலயக் கல்வி அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.