தலைக்கு எத்தனை டன்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலைகள் பல உண்டு. வீடு கட்டுகிறவர்கள் வாங்கும் கம்பிதான்.

அந்த உலைகள் பலவற்றில் விறகும் இல்லை, கரியும் இல்லை. மின்சாரத்தால் இரும்பு உருகுகிறது! ஒரு டன் உருக 500 யூனிட்டுக்கு மேல் வேண்டும்.

அப்படியானால் எரிவது எங்கே?

அதே திருவள்ளூர் மாவட்டத்தில், அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல் மின்நிலையங்கள் இருக்கின்றன. ஒடிசா நிலக்கரி கப்பலில் வந்து காமராஜர் துறைமுகத்தில் இறங்குகிறது. அங்கே எரிகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. இதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. கண்ணுக்குத் தெரியும் புகை வேறு, இது வேறு.

எடை கூடும் அதிசயம்

எரிந்தால் எடை குறையும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் 12 கிலோ கரி முழுவதும் எரிந்தால் 44 கிலோ கரியமில வாயு உண்டாகும்! காற்றில் உள்ள பிராணவாயு அதோடு சேர்ந்துகொள்கிறது.

இந்த வாயு வானத்தில் சேர்ந்து, போர்வைபோல் பூமியின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அதனால்தான் உலக நாடுகள் கணக்குப் பார்க்கின்றன. நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றால் ஒரு நாட்டில் ஓர் ஆண்டில் வெளியாகும் வாயுவை அதன் ஜனத்தொகையால் வகுக்கிறார்கள். அதுதான் "தலைக்கு எவ்வளவு" என்ற கணக்கு.

ஏறியவரும் இறங்கியவரும்

1950-ல் பிரிட்டனில் ஆளுக்குச் சுமார் 10 டன். அமெரிக்காவில் சுமார் 16 டன். இந்தியாவிலோ கால் டன்கூட இல்லை! சீனாவும் அப்படித்தான்.

அமெரிக்கா மேலும் ஏறியது. 1973-ல் 22 டன்னைத் தொட்டது. பிறகு இறங்கி, 2023-ல் 14 டன் அளவுக்கு வந்தது. பிரிட்டன் பாதிக்கும் கீழே போய்விட்டது. அங்கே கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பரில் மூடப்பட்டது.

முழுப் பெருமையும் பிரிட்டனுக்குத்தானா? இல்லை. அங்கிருந்த ஆலைகள் பல மூடப்பட்டன. அந்தச் சாமான்கள் இப்போது வெளிநாட்டிலிருந்து வருகின்றன. வாங்குகிறவர் லண்டனில் இருந்தாலும், வாயு எரித்த நாட்டின் பேரில்தான் எழுதப்படுகிறது!

சீனா 8 டன்னைத் தாண்டிவிட்டது. இந்தியாவும் பத்து மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. ஏறியும் சுமார் 2 டன்தான். உலக சராசரியில் பாதிகூட இல்லை.

சராசரி என்பது பொல்லாத கணக்கு. நாலு ஏ.சி. ஓடும் பங்களாவுக்கும் ஒற்றை விளக்கு எரியும் குடிசைக்கும் ஆளுக்கு அதே 2 டன் என்று எழுதிவிடும். உலையருகே வெந்து நிற்கும் தொழிலாளி செலவிடுவது அதில் எவ்வளவு சொற்பம்!

சரி, அமெரிக்கா 1973-ல் எரித்ததுபோல் இந்தியாவும் எரித்தால்? 143 கோடிப் பேர், ஆளுக்கு 22 டன். 3,100 கோடி டன்னுக்கு மேல்! 2023-ல் உலகம் முழுவதும் எரித்ததே சுமார் 3,700 கோடி டன்தான்.

எண்ணூரில் 1970-ல் தொடங்கிய பழைய அனல் மின்நிலையம் 2017-ல் மூடப்பட்டது. பிரிட்டன் கடைசி நிலையத்தை மூடிய அதே 2024-ல், மார்ச் மாதம், அத்திப்பட்டில் 800 மெகாவாட் புதிய நிலக்கரி நிலையம் தொடங்கிவைக்கப்பட்டது.