வீதிக்குப் பணம் கொடுத்த அரசு ஊரின் திட்டத்துக்கும் கொடுக்க வேண்டும்

புதிய வீதியொன்று வரும்போது அதனோடு வேறு பலவும் வருகின்றன. காணியின் விலை ஏறுகின்றது. தரகர் படலையடிக்கு வருகின்றார். வயலின் நடுவே அத்திவாரம் வெட்டப்படுகின்றது. பத்து வருடங்கள் கழித்து வாய்க்காலைத் தேடிப்போனால் மதிலைத்தான் காணலாம். இவையெல்லாம் தாமாகவே நடப்பவை என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. அரசாங்கத்தின் பணம் எத்திசையில் செல்கின்றதோ அத்திசையிலேயே ஊரும் வளர்கின்றது. ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் இதனை நன்கு உணர்த்துகின்றது. செல்வம் மிகுந்த நாடாயினும், அங்கும் கமக்காரர் நிலமிழந்தனர், ஏழைகள் வீடிழந்தனர்.

பணம் சென்ற வழி

1934இல் அமெரிக்க சமஷ்டி அரசு வீட்டுக் கடன்களுக்குக் காப்புறுதி வழங்கத் தொடங்கியது. அதன் விதிகள் நகருக்கு வெளியே கட்டப்படும் புதிய வீடுகளுக்கே சாதகமாயிருந்தன. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்கு அந்த உதவி மறுக்கப்பட்டது. 1956இல் ஜனாதிபதி ஐசனோவரின் காலத்தில் 41,000 மைல் நீளமான பெருந்தெருக்களை அமைக்கும் சட்டம் நிறைவேறியது. செலவில் 90 வீதத்தைச் சமஷ்டி அரசே ஏற்றது. பத்து வீதத்தைக் கொடுத்தால் முழு வீதியும் கிடைக்குமென்றால், வேண்டாமென்று சொல்லும் மாநிலம் எது?

விளைவு இருபுறமும் வெட்டியது. 1957 முதல் 1977 வரை சமஷ்டி அரசின் பெருந்தெருக்களுக்காக 475,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன என்பது அந்நாட்டுப் போக்குவரத்துத் திணைக்களத்தின் கணக்கு. வெளியேற்றப்படுவோருக்கு உதவியும் நியாயமான விலையும் வழங்கவேண்டும் என்ற பொதுச் சட்டம் 1970இல்தான் வந்தது. மறுபுறத்தில், நகரம் வயலை நோக்கிப் பரவியது. 2001 முதல் 2016 வரையான காலத்தில் மட்டும் ஏறக்குறைய 11 மில்லியன் ஏக்கர் விவசாய நிலம் கட்டடங்களுக்கு இரையானது அல்லது துண்டாடப்பட்டது என்று அமெரிக்க விவசாய நில அறக்கட்டளை மதிப்பிட்டுள்ளது.

நிலம் துண்டாடப்படுவதன் பொருளைக் கமக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. அயலிலே வீடுகள் வந்தால் சாணி மணம் என்றும், இயந்திரத்தின் இரைச்சல் என்றும் முறைப்பாடு எழும். கமம் செய்வோர் தொகை குறையக் குறைய, விதை விற்கும் கடையும் உழவு இயந்திரம் திருத்தும் பட்டறையும் மூடப்படும். காணி மிஞ்சினாலும் தொழில் மிஞ்சாது.

எல்லை போட்ட மாநிலம்

இதற்கு மாற்றாக எழுந்த சிந்தனையையே ‘ஸ்மார்ட் குரோத்’, அதாவது விவேகமான வளர்ச்சி என்கின்றனர். வளர்ச்சியைத் தடுப்பது அதன் நோக்கமன்று. ஏற்கெனவே வீதியும் குழாய்நீரும் பாடசாலையும் உள்ள இடங்களில் முதலில் கட்டுவது, வீட்டையும் வேலைத்தலத்தையும் கடையையும் நடந்தோ பஸ்ஸிலோ செல்லக்கூடிய தூரத்தில் வைப்பது, வயலையும் காட்டையும் நீரேந்து பகுதியையும் விட்டுவைப்பது என்பனவே அதன் சாரம்.

ஒறிகன் மாநிலம் 1973இல், ஆளுநர் டொம் மக்கோல் காலத்தில், இதற்கெனச் சட்டம் இயற்றியது. ஒவ்வொரு நகரமும் தன்னைச் சுற்றி ஒரு வளர்ச்சி எல்லையை வகுக்கவேண்டும். எல்லைக்கு வெளியே நல்ல மண் விவசாயத்துக்கே. அம்மாநிலத்தின் திட்டமிடல் இலக்குகளில் முதலாவது, பொதுமக்களின் பங்கேற்பு. அங்குள்ள போட்லாந்து நகரில் குடியிருப்புகளை ஊடறுத்துச் செல்லவிருந்த ஒரு பெருந்தெரு மக்களின் எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. வீதிக்கென ஒதுக்கிய பணத்தைப் பொதுப் போக்குவரத்துக்குத் திருப்பலாம் என்று சமஷ்டிச் சட்டம் 1973இல் இடமளித்திருந்தபடியால், அப்பணத்தின் ஒரு பகுதி 1986இல் திறக்கப்பட்ட நகர ரயில் பாதைக்கு உதவியது. தலைநகரிலுள்ள ஒரு விதி மாறியதும், ஊர் மக்களின் விருப்பம் நிறைவேற வழி பிறந்தது.

மக்களே வகுத்த திட்டம்

பொஸ்டன் நகரின் டட்லி வீதிப் பகுதியில் 1980களின் தொடக்கத்தில் மூன்றிலொரு பங்கு காணி வெறுமையாய்க் கிடந்தது. வீடுகள் எரிந்தன, வெளியார் குப்பை கொட்டினர். அப்பகுதி மக்கள் 1984இல் சங்கமாகத் திரண்டு, தங்கள் திட்டத்தைத் தாங்களே வகுத்தனர். 1988இல் வெறுங்காணிகளைச் சுவீகரிக்கும் அதிகாரத்தை நகர நிர்வாகம் அவர்களுக்கு வழங்கியது. காணி பொது நம்பிக்கைப் பொறுப்பில் இருக்க, வீடு குடும்பத்துக்குச் சொந்தம். விற்கும்போதும் ஏழைக் குடும்பமொன்று வாங்கக்கூடிய விலையே. சுவீகரிப்பு என்னும் வாள் வழமையாக ஏழைகளுக்கு எதிராகவே வீசப்படும். இங்கே அது அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது.

தொடங்கிய உதவி நின்றது ஏன்?

2009 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் வீடமைப்பு, போக்குவரத்து, சுற்றாடல் ஆகிய மூன்று துறைகளும் சேர்ந்து பணியாற்ற உடன்பட்டன. ஒரு திணைக்களம் வீடு கட்ட, இன்னொன்று பஸ் செல்லாத இடத்தில் வீதி போட, மூன்றாவது குளத்தைக் காக்க முயல்வது என்ற முரண்பாட்டுக்கு முடிவு காண்பதே எண்ணம். 2010இல் பிரதேசத் திட்டங்களுக்கு ஏறக்குறைய 100 மில்லியன் டொலர் வழங்கப்பட்டது. அதில் குறைந்தது காற்பங்கு, ஐந்து லட்சத்துக்குக் குறைந்த சனத்தொகையுள்ள சிறிய பிரதேசங்களுக்கென ஒதுக்கப்பட்டது. ஆனால் 2012ஆம் நிதியாண்டு முதல் காங்கிரஸ் இதற்குப் பணம் ஒதுக்கவில்லை. இத்திட்டத்தை நிரந்தரமாக்க செனட்டர் கிறிஸ் டொட் கொண்டுவந்த மசோதாவும் சட்டமாகவில்லை.

‘ஊர் விடயத்தில் தலைநகர் தலையிடலாமா?’ என்று எதிர்த்தோர் கேட்டனர். நியாயமான கேள்விதான். ஆனால் 90 வீதம் கொடுத்து வீதி போட்டபோதே தலையீடு நடந்துவிட்டதே! நூறு ரூபா வீதிக்குக் கொடுத்துவிட்டு, அந்த வீதி எங்கே செல்லவேண்டும் என்று கூடிப் பேச ஒரு ரூபாவையும் மறுப்பது சிக்கனமாகாது. எனவே அந்த உதவி மீண்டும் வழங்கப்படவேண்டும் என்பதே எமது கருத்து.

இரண்டாவது குறைபாடும் உண்டு. எல்லைக்குள்ளே காணி விலை ஏறலாம். வாடகைக்கு இருப்போர் வெளியேறலாம். எல்லைக்கு வெளியே காணி வைத்திருப்போரும் நட்டமடைந்ததாகச் சொல்வர். ஒறிகன் வாக்காளர்கள் 2004இல் அத்தகையோருக்கு நட்டஈடு அல்லது விதிவிலக்குக் கோரும் உரிமையை அளித்தனர்; 2007இல் அதன் பெரும்பகுதியை மட்டுப்படுத்தினர். ஆகவே வரைபடத்தில் கோடு கீறினால் மட்டும் போதாது. மலிவான வீடும், வாடகைக் குடியிருப்போரின் பாதுகாப்பும், கமக்காரருக்குரிய ஈடும் அதே திட்டத்தில் இடம்பெற வேண்டும். 1996இன் விவசாயச் சட்டம், கமக்காரர் தம் நிலத்தில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் விற்று, நிலத்தை வைத்துக்கொண்டு தொடர்ந்து பயிரிட உதவும் நிதியை ஏற்படுத்தியது. இதுவே நல்ல முன்மாதிரி.

நாம் கேட்கவேண்டியவை

காணியைப் பிரிந்த துயரம் அறிந்த குடும்பங்களுக்கு இந்த வரலாறு அந்நியமானதன்று. மீள்குடியேற்றமோ புதிய வீதியோ குளப் புனரமைப்போ, எந்தத் திட்டத்தோடு அதிகாரிகள் வந்தாலும் சில கேள்விகளைச் சங்கத்தில் பேசி எழுதிக் கொண்டு செல்லுங்கள். பணம் யாருடையது, எதற்கென நிபந்தனையிடப்பட்டது? வரைபடம் கீறப்படும் முன்னரா, பின்னரா எம்மை அழைத்தார்கள்? குடிமனை எங்கே, வயல் எங்கே, மேய்ச்சல் தரை எங்கே? காணி இல்லாதவருக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் பெண் தலைமை தாங்கும் குடும்பத்துக்கும் அதில் என்ன இடம்? கூட்டத்தில் கையொப்பம் இடுமுன்னர் பதிலைக் கேட்டுப் பெறுங்கள். பெற்ற பதிலைச் சங்கத்தின் கூட்டக் குறிப்பில் பதிந்து வையுங்கள்.