ஸ்டோர் வாடகைக்கு எடுக்கிறீர்களா? சாவியோடு பொறுப்பும் உங்கள் கைக்கு வருகிறது

நோன்புப் பெருநாள் வியாபாரத்தை நம்பியிருக்கும் துணிக்கடைக்காரர்கள் றமழானுக்கு இரண்டு மூன்று மாதங்கள் இருக்கும்போதே மேலதிக ஸ்டோர் தேடத் தொடங்கிவிடுவார்கள். புறக்கோட்டையில் கடைக்குள் இடம் கிடையாது. எனவே பக்கத்துத் தெருவில் ஒரு மேல்மாடி அறை, வெல்லம்பிட்டியில் ஒரு பழைய வீடு, மாளிகாவத்தையில் ஒரு கராஜ் என்று எங்காவது ஓரிடத்தை வாடகைக்குப் பிடித்துச் சரக்கை இறக்கிவிடுகிறார்கள். வெளிநாடு செல்லும் குடும்பங்கள் வீட்டுத் தளபாடங்களை வைத்துவிட்டுப் போகவும் இப்படி அறை எடுப்பதுண்டு. மாத வாடகைக்குச் சிறு அறைகளைக் கொடுத்துச் சாவியை நம் கையிலேயே தரும் கம்பனிகளும் இப்போது இருக்கின்றன. வளைகுடாவில் இருந்து வந்தவர்களுக்கு இது 'செல்ப் ஸ்டோரேஜ்' என்ற பெயரில் பழக்கமானதுதான்.

சிறிய, நடுத்தர வியாபாரிகளின் கணக்குப் புத்தகங்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருபவன் என்ற வகையில் நான் கவனித்த ஒரு விடயம் உண்டு. கடைக்கு இரண்டு பூட்டு, கமரா, காவலாளி எல்லாம் இருக்கும். ஆனால் கடையில் இருப்பதைவிட மூன்று மடங்கு சரக்கு கிடக்கும் ஸ்டோருக்கு ஒரு சிறிய ஆமைப்பூட்டு மட்டுமே தொங்கும். எழுத்து மூலமான ஒப்பந்தம் இருக்காது, சரக்குப் பட்டியல் இருக்காது, காப்புறுதியும் இருக்காது. அந்தச் சரக்கில் பெரும்பகுதி கடனுக்கு எடுத்ததாகத்தான் இருக்கும். சரக்கு எரிந்தாலும் நனைந்தாலும் நாம் கொடுத்த பின்திகதியிட்ட காசோலைகள் அதே திகதியில் வங்கிக்குப் போகத்தான் செய்யும். ஆகவே ஸ்டோரில் நடக்கும் ஒரு விபத்து சரக்கு நட்டத்தோடு நிற்பதில்லை. அது கடனாகவும் காசோலை வழக்காகவும் வீடுவரை வந்து சேரும்.

இடம் வேறு, பொறுப்பு வேறு

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். ஓர் அறையை வாடகைக்கு எடுத்துச் சாவியை நீங்கள் வைத்திருந்தால், நீங்கள் எடுத்திருப்பது நான்கு சுவரை மட்டுமே. உங்கள் சரக்கைப் பாதுகாத்துத் தருவதாக உரிமையாளர் பொறுப்பேற்கவில்லை. சரக்கை எண்ணி, ரசீது கொடுத்து, தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்ளும் களஞ்சியசாலை இதிலிருந்து வேறுபட்டது.

இந்த வேறுபாடு நமது வியாபாரிகளுக்குப் புதிதல்ல. இஜாரா எனும் வாடகை வேறு, வதீஆ எனும் அடைக்கலப் பொருள் வேறு என்பதை மத்ரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள். ஆனால் நடைமுறையில், "வீட்டுக்கார நானா நல்ல மனிசன், பார்த்துக்கொள்வார்" என்று இரண்டையும் கலந்துவிடுகிறோம். அவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும். உங்கள் அறைக்குள் தண்ணீர் ஒழுகுவது பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கும் அவருக்கு எப்படித் தெரியும்?

கம்பனி நடத்தும் சிறு அறைகளிலும் இதே கதைதான். அவர்களது ஒப்பந்தத்தில் பொதுவாக மூன்று பகுதிகள் முக்கியமானவை. முதலாவது, சரக்கின் சேதத்துக்குக் கம்பனி எந்த அளவுக்குப் பொறுப்பு என்பது. இரண்டாவது, எந்தப் பொருட்களை வைக்கக்கூடாது என்பது. மூன்றாவது, வாடகை தவறினால் எத்தனை நாளில் கதவைப் பூட்டுவார்கள், எப்போது பொருட்களை விற்பார்கள் என்பது. இந்த மூன்றையும் வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால் விளங்கிய ஒருவரிடம் கொடுத்து வாசித்துக் கேளுங்கள்.

பார்க்கப் போகும்போது

இடத்தைப் பார்க்க வெயில் நாளில் போவதைவிட மழை நாளில் போவது நல்லது. கூரை ஒழுகுகிறதா, வாசலில் தண்ணீர் தேங்குகிறதா என்பதை மழையே காட்டித் தந்துவிடும்.

களனி கங்கையை அண்டிய பகுதி என்றால் இன்னும் கவனம் தேவை. 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் மூழ்கின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளமும் களனிக் கரையோரத்தை விட்டுவைக்கவில்லை. எனவே அங்கு இடம் பார்ப்பவர்கள் வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டுத் திருப்திப்படாமல், முன்னால் உள்ள தேநீர்க்கடையிலும் பக்கத்து வீட்டிலும் "2016இல் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேளுங்கள். பல சுவர்களில் நீர்க்கறை இன்னும் அடையாளம் காட்டும். முழங்கால் அளவுக்கு மேல் வந்த இடமென்றால் கீழ்த்தளத்தை விட்டுவிட்டு மேல்மாடியைக் கேளுங்கள். வாடகை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை.

மேல்மாடி என்றால் தளம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்க வேண்டும். பழைய பலகைத் தளத்தில் துணிப் பொதிகளைக் கூரை வரை அடுக்குவது ஆபத்தானது. படிக்கட்டு ஒடுக்கமாக இருந்தால் நாட்டாமைக் கூலியும் ஏறும். லொறி வாசல் வரை வருமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். லொறி போக முடியாத ஒழுங்கைக்குள் தீயணைப்பு வண்டியும் போக முடியாது.

எழுத்தில் இருக்க வேண்டியவை

"ஒரு வருடத்துக்கு எடுத்திருக்கிறேன், கடதாசியில் எழுதி முத்திரை ஒட்டிக் கையெழுத்தும் வைத்திருக்கிறோம்" என்று பலர் சொல்கிறார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கான குத்தகை, பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லுபடியாகும். இல்லாவிட்டால் வாடகை கட்டி இருந்து வருவதை வைத்துப் பெரும்பாலும் மாதாந்த வாடகையாகவே அது கருதப்படும். அப்படியானால், சீசன் நடுவில் "அடுத்த மாதம் எழும்புங்கள்" என்று சொல்லப்பட்டால் உங்கள் ஒரு வருடக் கடதாசியை நம்பியிருக்க முடியாது. நொத்தாரிசுக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் போய், இலட்சக்கணக்கான சரக்கோடு நடுத்தெருவில் நிற்கும் நிலை வேண்டாம்.

ஒப்பந்தத்தில் பின்வருவன இருக்கட்டும்:

1. வாடகைக்கு விடுபவர் உண்மையான உரிமையாளரா என்பது. புறக்கோட்டையில் வாடகைக்கு இருப்பவரே மேல்மாடியை இன்னொருவருக்கு விடுவது சாதாரணம். அப்படியானால் உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும்.

2. முற்பணம் எவ்வளவு, அது எப்போது, எப்படித் திரும்பக் கிடைக்கும் என்பது. மாத வாடகைக்கு ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

3. கூரை, குழாய், மின்சாரம் பழுதானால் யார் திருத்துவது, எத்தனை நாட்களுக்குள் என்பது.

4. உங்களைத் தவிர வேறு யாரிடம் சாவி இருக்கும், அவர் எப்போது உள்ளே வரலாம் என்பது.

5. வெளியேற எத்தனை நாள் முன்னறிவித்தல் என்பது. இரு தரப்புக்கும் ஒரே அளவாக இருக்கட்டும்.

அரிசி, சீனி, பால்மா போன்றவற்றை வைப்பவர்களுக்கு ஒரு மேலதிக வார்த்தை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருட்களைப் பதுக்குவதைக் குற்றமாக்குகிறது. 2021 செப்டம்பரில் தட்டுப்பாடு வந்தபோது சீனி, அரிசிக் களஞ்சியங்கள் தேடிச் சோதனையிடப்பட்டதை நாம் அறிவோம். எங்கே, எவ்வளவு, எந்தப் பற்றுச்சீட்டுக்கு வாங்கியது என்று காட்டக்கூடியவரே அத்தகைய நேரத்தில் தலைநிமிர்ந்து நிற்க முடியும். உங்கள் பொருளுக்குப் பதிவு தேவையா என்பதை அதிகார சபை அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரக்கை வைக்கும் முறை

முதல் நாளே பழைய பூட்டை எடுத்துவிட்டு உங்கள் சொந்தப் பூட்டைப் போடுங்கள். பழைய சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வேலைக்காரப் பையன் ஒருவர் விலகிச் சென்றாலும் பூட்டை மாற்றுவது நல்லது. இதில் யாரையும் சந்தேகப்படுவதாக நினைக்க வேண்டியதில்லை. பின்னர் ஏதாவது காணாமற்போனால் அவர் மீது பழி வராமல் இருப்பதற்கும் அதுவே வழி.

பெட்டிகளை நிலத்தில் நேரடியாக வைக்காமல் மரத்தட்டு அல்லது செங்கல் மீது போட்ட பலகையில் வையுங்கள். சுவரில் இருந்து ஓர் அடியாவது இடைவெளி விடுங்கள். நமது காற்றில் ஈரம் அதிகம். சுவரோடு ஒட்டிய துணி பூசணம் பிடிக்கும், கடதாசிப் பெட்டியில் கறையான் ஏறுவதும் கண்ணுக்குத் தெரியாது. நடுவில் ஓர் ஆள் நடக்கும் வழி இருக்கட்டும். அப்போதுதான் பழைய சரக்கை முதலில் எடுத்து விற்க முடியும். அரிசி, பருப்பு மூட்டைகளையும் சவர்க்காரம், பூச்சி மருந்து போன்றவற்றையும் ஒரே அறையில் வைக்க வேண்டாம். வாசனை ஏறிய அரிசியை யாரும் வாங்க மாட்டார்கள்.

தீ விடயத்தில் சிறிதும் அலட்சியம் கூடாது. 2023 ஒக்டோபரில் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெரு ஆடைக் கடையொன்றில் ஏற்பட்ட தீயை நாம் மறந்திருக்க மாட்டோம். மின்குமிழுக்கும் மேல் அடுக்குப் பெட்டிக்கும் இடையில் இரண்டடியாவது இடைவெளி இருக்க வேண்டும். மின்சாரப் பெட்டிக்கு முன்னால் எதையும் அடுக்காதீர்கள். வெளியே வரும்போது பிரதான ஆளியை நிறுத்திவிட்டு வாருங்கள். காஸ் சிலிண்டர், பெற்றோல், தின்னர் உள்ளே வேண்டாம். கையடக்கத் தொலைபேசிச் சாமான் வியாபாரம் செய்பவர்கள் ஸ்டோருக்குள் பெட்டரி சார்ஜ் செய்ய இடமளிக்கக் கூடாது. ஒரு தீயணைக்கும் கருவியைக் கதவுக்கு அருகில் மாட்டி வையுங்கள். தீயணைப்புப் பிரிவின் 110 என்ற இலக்கத்தை வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

தெரிந்தவர், உறவினர் என்று யாராவது "இந்த நாலு பெட்டி ஒரு கிழமைக்கு இருக்கட்டும்" என்று கேட்டால், பெட்டியைத் திறந்து பார்க்காமல் ஏற்க வேண்டாம். பொலிஸாரோ சுங்கத்தினரோ வந்தால் அவர்கள் முதலில் கேள்வி கேட்பது சாவி வைத்திருப்பவரிடம்தான்.

தங்கம், காணி உறுதி, கடவுச்சீட்டு, ரொக்கம் ஆகியவற்றுக்கு ஸ்டோர் ஏற்ற இடமல்ல. வீட்டுத் தளபாடங்களை வைத்துவிட்டு வெளிநாடு போகிறவர்கள் அலுமாரி லாச்சிகளை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டே பூட்ட வேண்டும்.

காப்புறுதியும் கணக்கும்

"கடைக்கு தகாபுல் எடுத்திருக்கிறேன்" என்று சொல்பவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "பத்திரத்தில் ஸ்டோரின் விலாசம் இருக்கிறதா?" என்பதுதான். தகாபுலோ சாதாரண காப்புறுதியோ, பத்திரத்தில் குறிப்பிட்ட இடத்தில் உள்ள பொருளுக்கே அது பொருந்தும். வெள்ளம் தனியாகச் சேர்க்கப்பட வேண்டியிருக்கலாம். களவு என்றால் கதவையோ பூட்டையோ உடைத்த அடையாளம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும்.

பெறுமதியைக் குறைத்துக் காட்டுவதும் நட்டமே. உங்கள் ஸ்டோரில் 40 இலட்சம் ரூபா சரக்கு இருக்கிறது, கட்டணத்தைக் குறைக்க 20 இலட்சத்துக்கு மட்டும் காப்பு எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 இலட்சம் ரூபா சரக்கு நனைந்தால் முழு 10 இலட்சமும் கிடைக்கும் என்று நினைப்பீர்கள். ஆனால் பாதிப் பெறுமதிக்கே காப்பு எடுத்தபடியால், விகிதாசார நிபந்தனையின் கீழ் கிடைப்பது 5 இலட்சம் மட்டுமே. சீசனுக்குச் சரக்குக் கூடும்போது, அந்த மாதங்களுக்கு மட்டுமாவது தொகையைக் கூட்டித் தரும்படி கேளுங்கள்.

இழப்பீடு கேட்கும்போது இருந்த சரக்கை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான். ஆகவே வந்தது, போனது, மீதி என்று மூன்று நிரல் கொண்ட ஒரு சிறு கொப்பி போதும். மாதம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கைத்தொலைபேசியில் போட்டோ எடுத்து, பற்றுச்சீட்டுப் பிரதிகளோடு வீட்டில் ஒருவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். கொப்பியை ஸ்டோருக்குள் வைத்துப் பூட்டினால், சரக்கோடு சேர்த்துக் கொப்பியும் போய்விடும்.

வீட்டாருக்குத் தெரியட்டும்

நான் கண்ட வேதனையான சம்பவங்களில் ஒன்று களவாலோ தீயாலோ நடந்ததல்ல. ஒரு வியாபாரி திடீரென மௌத்தானார். அவருக்கு இரண்டு ஸ்டோர்கள் இருந்தன. ஒன்று மட்டுமே மனைவிக்குத் தெரியும். மற்றையது பல மாதங்களின் பின்னர், வாடகை வராத வீட்டுக்காரர் தேடி வந்தபோதுதான் தெரியவந்தது. அதற்குள் சரக்கில் பாதி பழுதாகியிருந்தது. அது அநாதைப் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய சொத்து. அதற்குள் கடன்காரர்களின் பங்கும் இருந்தது.

ஸ்டோரின் விலாசம், உரிமையாளரின் பெயர், கொடுத்த முற்பணம், உள்ளே யாருடைய சரக்கு இருக்கிறது என்பவற்றை ஒரு தாளில் எழுதி, இரண்டாவது சாவியோடு வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். வஸிய்யத் எழுதியிருப்பவர்கள் அதோடு இதையும் சேர்த்து வைக்கலாம். அரை மணி நேர வேலை இது. இந்த வாரம் கடை பூட்டிய பிறகு, வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்டோரை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அந்தத் தாளை எழுதிவிடுங்கள்.