உஷார்! காமாலை காட்டாமலே கல்லீரலை அரிக்கிறது

கண் மஞ்சளாகவில்லை, சிறுநீர் மஞ்சளாகப் போகவில்லை, அதனால் கல்லீரலுக்கு ஒன்றுமில்லை என்று இருந்துவிடாதீர்கள். ஹெபடைடிஸ் சி தொற்றிய பெரும்பாலானோருக்குக் காமாலையே வருவதில்லை. பத்தில் மூன்று பேருக்கு வைரஸ் ஆறு மாதத்துக்குள் தானாகப் போய்விடும். மற்றவர்களுக்குள் தங்கி, இருபது வருடம்கூடச் சத்தமில்லாமல் அரிக்கும். வயிறு வீங்கி, ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்கு ஓடும்போதுதான் பலருக்கு இதன் பெயரே தெரியவருகிறது. 2022-ல் மட்டும் உலகெங்கும் சுமார் 2,42,000 பேர் இதற்குப் பலி. பெரும்பாலும் சிரோசிஸ் என்னும் கல்லீரல் சுருக்கம், கல்லீரல் புற்றுநோய்.

ரத்தத்தோடு ரத்தம் கலந்தால் பரவும் நோய் இது. வைரஸைக் கண்டுபிடித்ததே 1989-ல்தான். நம் ரத்த வங்கிகளுக்குச் சோதனை வந்தது அதற்கும் பல வருடம் கழித்து. பிரசவத்திலோ விபத்திலோ அந்தக் காலத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? ஊருக்கே ஒரு கண்ணாடி சிரிஞ்சில் ஊசி போட்ட நாட்கள் நினைவிருக்கிறதா? எகிப்தில் 1950-களிலிருந்து புழுநோய்க்கு அப்படிப் போட்ட ஊசியால்தான் இது நாடு முழுக்கப் பரவியது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், திருவிழாவில் பச்சை குத்திக்கொண்டவர்கள், போதை ஊசியைப் பகிர்ந்துகொண்டவர்களும் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்தே ஆகவேண்டும். சேர்ந்து சாப்பிட்டால் இது ஒட்டாது. நோயாளிக்குத் தனித் தட்டு வைப்பது கொடுமை.

கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். அசுத்தத் தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே அடங்கும். பெயர் மட்டும் கீழாநெல்லிக்குப் போகும். உடம்பில் தங்கிவிட்ட சி வைரஸ் அதற்கு மசியாது.

தடுப்பூசி இல்லை. ஆனால் குணமாக்கும் மாத்திரை இருக்கிறது. சோஃபோஸ்புவிரோடு இன்னொரு மருந்தும் சேர்த்துப் பெரும்பாலும் 12 வாரம், சிலருக்கு 24 வாரம். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் வைரஸ் அடியோடு போய்விடுகிறது. அமெரிக்காவில் 2013-ல் வந்தபோது சோஃபோஸ்புவிர் மாத்திரை ஒன்று 1,000 டாலர். இந்தியக் கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கியதும் விலை சரிந்தது. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் அரசு சிகிச்சை மையங்களில் இலவசம். இத்தனையும் இருந்தும், சோதிக்காமலே சாகிறார்களே என்பதுதான் என்னைப் பதறவைக்கிறது.

ஆன்டிபாடி டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் அதோடு நிறுத்தாதீர்கள். வைரஸ் இப்போதும் இருக்கிறதா என்பதை வைரல் லோடு டெஸ்ட்தான் சொல்லும். மாத்திரை தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அது சீறிக்கொண்டு எழலாம். சிரோசிஸ் வந்துவிட்டவர்கள், வைரஸ் போன பிறகும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுப்பதை விடக்கூடாது.