"சாமளாபுரம்" எவ்வளவு நீளம்? 6, 10, 30

பைத்தான் புதுசா கத்துக்கிறவங்களுக்காக இன்னைக்கு, ஒரு ஃபைலோட நீளத்தை எப்படி அளக்கறதுன்னு பார்க்கலாம். கம்ப்யூட்டர் பக்கத்துல இருந்தா நோட்பேடைத் திறங்க. எங்க ஊர்ப் பேர், "சாமளாபுரம்"னு மட்டும் அடிச்சு, என்டர் தட்டாம, யூடிஎஃப்-8 முறையில சேமிங்க.

இப்போ பைத்தான்ல 'ஓஎஸ் டாட் பாத் டாட் கெட்சைஸ்' கேட்டா 30னு சொல்லும். (பழைய விண்டோஸா இருந்தா 33 வரலாம்; நோட்பேட் ஃபைலோட தொடக்கத்துல 3 பைட் குறி ஒண்ணு சேர்த்துடும்.) அதே ஃபைலை யூடிஎஃப்-8னு சொல்லித் திறந்து, படிச்சு, 'லென்' போட்டா (அந்தத் தொடக்கக் குறி இல்லைன்னா) 10. நாம விரல் விட்டு எண்ணினா சா, ம, ளா, பு, ர, ம் – 6 எழுத்துதான்.

எது சரி? மூணுமே சரிங்க. அளக்கற பொருள்தான் வேற. யூனிகோடுல "சா"ங்கறது ச, துணைக்கால்னு 2 குறியீடு. "ம்"முல புள்ளி தனிக் குறியீடு. அப்படி மொத்தம் 10. யூடிஎஃப்-8ல ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், அதனால 30. ஆங்கில எழுத்துக்கு 1 பைட்தான்.

இது தெரியாம நான் பட்ட பாடு இருக்கே! மச்சானோட தறிக்கூடத்துக்குக் கூலிக் கணக்கு புரோகிராம் எழுதினேன். பேருக்கு 20 பைட் இடம், மீதியை வெட்டிடும். பேரெல்லாம் ஆங்கிலத்துல இருந்த வரைக்கும் நல்லா ஓடுச்சு. தமிழுக்கு மாத்தின வாரம், ஒருத்தருக்கு ரெண்டு பங்கு கூலி, இன்னொருத்தர் பேரே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவர் வெறுங்கையோட நிக்கறார்.

பேரை மாத்திச் சொல்றேன்: சுப்பிரமணி, சுப்பிரமணியம்னு வெச்சுக்குங்க. 20 பைட்டுல 6 குறியீடுதான் முழுசா நிக்கும். ரெண்டு பேருமே "சுப்பி" ஆயிட்டாங்க! மிச்சம் 2 பைட் அரைகுறை. அதைக் கண்டுக்காம விடச் சொல்லி நானே எழுதியிருந்ததால, பிழைன்னுகூடக் காட்டலை.

இப்போ ஆளுக்கு ஒரு எண் கொடுத்துட்டேன். கணக்கு எண்ணை வெச்சுத்தான், பேரை வெட்டறதே இல்லை. எழுத்தாத்தான் எண்ணணும்னா, எழில் நிரல்மொழியை உருவாக்கின முத்து அண்ணாமலையும் நண்பர்களும் எழுதின 'ஓப்பன்-தமிழ்' நூலகம் இருக்கு. அதுல 'கெட் லெட்டர்ஸ்' போட்டா 6 எழுத்தாப் பிரிச்சுக் கொடுக்கும்.

டிஸ்க்குல இடம் பார்க்க பைட், பேரை வெட்ட எழுத்து. உங்க பேரை இந்த மூணு விதமாவும் அளந்து பாருங்க. அடுத்த வாரம் சந்திப்போம்ங்க.