எந்த நாட்டிலும் நிலைக்காமல் வாழ முடியுமா?

லேப்டாப்பும் நல்ல இணையமும் இருந்தால் எங்கிருந்தும் சம்பாதிக்கலாம் என்றாகிவிட்டது. அதனால் நம் இளைஞர்கள் பலருக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. இரண்டு மாதம் சியாங் மாய், மூன்று மாதம் பினாங்கு, பிறகு லிஸ்பன் என்று இடம் மாறிக்கொண்டே வாழ்ந்தால் என்ன? எந்த அரசின் பிடியிலும் முழுக்கச் சிக்க வேண்டாம், வரியும் மிச்சம், பிடித்த ஊரில் பிடித்த வரைக்கும் இருக்கலாம். இதை வெறும் ஊர்சுற்றும் ஆசை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. பிறந்த மண்ணிலேயே ஆயுள் முழுக்க இருந்து தீர வேண்டும் என்று யாருக்கும் விதித்திருக்கவில்லை. ஆனால் இந்த வாழ்க்கைக்கு ஒரு கோட்பாடு உண்டு. அது யாருடைய பாஸ்போர்ட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று தெரிந்துகொள்ளாமல் கிளம்பக் கூடாது.

1960களில் முதலீட்டாளர்களுக்குச் செய்திமடல் நடத்திவந்த ஹாரி ஷுல்ட்ஸ் என்ற அமெரிக்கர் ‘மூன்று கொடி’ யோசனையைச் சொன்னார். ஒருவருடைய குடியுரிமை ஒரு நாட்டில், முகவரி வரி இல்லாத இன்னொரு நாட்டில், சொத்து மூன்றாவது நாட்டில் இருக்கட்டும். அப்போது எந்த ஓர் அரசும் அவரை மொத்தமாகப் பிடித்துவைக்க முடியாது என்பது அவர் வாதம். 1980களின் பிற்பகுதியில் டபிள்யூ. ஜி. ஹில் என்ற பெயரில் எழுதியவர், தொழில் நடத்த ஒரு நாடு, பொழுதைக் கழிக்க ஒரு நாடு என்று மேலும் இரண்டைச் சேர்த்து ஐந்து கொடியாக்கினார். இப்படி வாழ்பவரைத்தான் ‘நிரந்தரப் பயணி’ என்கிறார்கள்.

இந்தக் கணக்கு முழுக்க ஒரே விதியின் மேல் நிற்கிறது. பெரும்பாலான நாடுகள் குடியுரிமையைப் பார்த்து வருமான வரி போடுவதில்லை. ஒருவர் அங்கே வசிக்கிறாரா என்று பார்த்தே போடுகின்றன. குடிமக்கள் எங்கே வாழ்ந்தாலும் விடாமல் வரி கேட்கும் நாடுகளாகப் பெயர்பெற்றவை அமெரிக்காவும் எரித்திரியாவும்தான். மற்ற இடங்களில் வசிப்பதற்கான பொது அளவுகோல் ஏறக்குறைய அரை ஆண்டு: தாய்லாந்தில் 180 நாள், மலேசியாவில் 182, போர்ச்சுகலில் 183. எல்லா இடத்திலும் இந்த வரம்புக்குக் கீழேயே இருந்துவிட்டால் எங்கேயும் வசிக்காதவராகிவிடலாம். தாளில் போட்டுப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது.

அப்படி நாளை எண்ணி வாழ்ந்த ஒருவரின் வழக்கைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ராபர்ட் கெய்ன்ஸ்-கூப்பர் ஒரு பிரிட்டிஷ் தொழிலதிபர். 1976-லேயே சீஷெல்ஸ் தீவுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டேன் என்றார். பிரிட்டனை விட்டுப் போனவர் ஆண்டுக்குச் சராசரியாக 91 நாளுக்குக் குறைவாக வந்துபோனால் அவரை வசிப்பவராகக் கொள்ள மாட்டோம் என்று அந்நாட்டு வரித்துறையின் கையேடே சொல்லியிருந்தது. அந்த எண்ணிக்கையைத் தாண்டவில்லை என்பது அவர் கட்சி. வரித்துறையோ அவர் பிரிட்டனில் விட்டுவைத்தவற்றை எடுத்துக்காட்டியது: ஹென்லி அருகே பெரிய வீடு, அங்கே மனைவி, அந்நாட்டிலேயே பள்ளியில் படித்த மகன், சேகரித்து வைத்திருந்த பழைய கார்கள், ஓவியங்கள். 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. குடும்பமும் வீடும் பழக்கங்களும் அங்கேயே இருக்க, ஆள் மட்டும் கிளம்பிப் போனால் அது கிளம்பியதாகாது. நாளை எண்ணுவதெல்லாம் உண்மையிலேயே கிளம்பியவருக்குத்தான் என்பது தீர்ப்பின் சாரம். 2013-ல் பிரிட்டன் இதைச் சட்டமாகவே எழுதிவிட்டது. இப்போது அங்கே நாள்களோடு சேர்த்து வீடு, குடும்பம், வேலை ஆகிய பிணைப்புகளையும் எண்ணுகிறார்கள்.

கோட்பாடு எழுதப்பட்ட காலத்தில் ஒரு நாட்டு வங்கியில் என்ன இருக்கிறது என்று இன்னொரு நாட்டுக்குத் தெரியாது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் கணக்கு விவரங்களை ஆண்டுதோறும் தாமாகவே பரிமாறிக்கொள்கின்றன. 2017-ல் இந்தப் பரிமாற்றம் தொடங்கியபோதே இந்தியாவும் சேர்ந்துவிட்டது. வெளிநாட்டில் வங்கிக் கணக்கு திறக்கப் போனால், ‘எந்த நாட்டில் வரி செலுத்துபவர்? அங்கே உங்கள் வரி எண் என்ன?’ என்று படிவத்தில் கேட்பார்கள். ‘எங்கேயும் இல்லை’ என்று எழுதினால் பல வங்கிகள் கணக்கையே திறக்காது. எந்த நாட்டையும் சேராதவராக இருப்பதுதான் இலக்கு. ஆனால் பணத்தை வைத்துக்கொள்ளவே ஏதாவது ஒரு நாட்டைச் சேர்ந்தவராக இருக்க வேண்டியிருக்கிறது.

இந்தியச் சட்டம் இன்னும் கறார். நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்தால் வசிப்பவர் என்பது பலருக்கும் தெரியும். கவனிக்காமல் விடுவது இரண்டாவது விதியை: அந்த ஆண்டில் 60 நாளும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தமாக 365 நாளும் இங்கே இருந்திருந்தாலும் வசிப்பவரே. கோவையில் வளர்ந்து, வீட்டிலிருந்தே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு டிசைன் வேலை செய்துகொடுக்கும் ஒரு பெண், ஜூன் 1 அன்று சுற்றுலாப் பயணியாக பாங்காக் விமானம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரலில் முப்பது, மே மாதத்தில் முப்பத்தொன்று. அதற்குள் 61 நாள் ஆகிவிட்டது. மீதிப் பத்து மாதமும் அவர் ஊர்ப்பக்கமே வராவிட்டாலும், அந்த ஆண்டில் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே வரி உண்டு. வேலைக்காக வெளிநாடு கிளம்பும் இந்தியக் குடிமக்களுக்கு இந்த 60 நாள் 182 ஆகத் தளர்கிறது. சொந்தத் தொழில் செய்யப் போவதையும் வேலைக்குப் போவதாகவே கொள்ளலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சுற்றிப் பார்க்கப் போனவருக்கு அந்தச் சலுகை இல்லை. ஆக, விசாவில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்பது வரிக் கணக்கிலும் வந்து நிற்கும். 2025-ல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டத்திலும் இந்த நாள் கணக்கு தொடர்கிறது.

நிரந்தரப் பயணிகளை நேராகக் குறிவைத்த விதி 2020 பட்ஜெட்டில் வந்தது. வேறெந்த நாட்டிலும் வரி செலுத்தக் கடமைப்படாத இந்தியக் குடிமகன் ஒருவரின் வருமானம், வெளிநாட்டில் ஈட்டியதைக் கழித்த பிறகும் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால், அவர் ஒரு நாள்கூட இங்கே இல்லாவிட்டாலும் வசிப்பவராகவே கருதப்படுவார். முதலில் அறிவித்தபோது இந்த 15 லட்சம் வரம்பு இல்லை. வளைகுடாவில் உழைக்கும் நம்மவர்கள் பதறிப்போனார்கள். அங்கே உண்மையாகவே வேலை செய்பவர்களை இது குறிக்காது என்று அரசு மறுநாளே விளக்கம் தர வேண்டியிருந்தது. இப்படிக் கருதப்படுபவரின் வெளிநாட்டு வருமானம் எல்லாமே வரிக்குள் வந்துவிடாது. இந்திய வருமானமும், இந்தியாவிலிருந்து நடத்தப்படும் அல்லது இங்கே தொடங்கப்பட்ட தொழிலின் வருமானமும் வரும். கோவைப் பெண்ணின் தொழில் கோவையில் தொடங்கியது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரியையாவது ஆடிட்டரிடம் கேட்டுச் சரிசெய்துவிடலாம். உண்மையான இடைஞ்சல் விசா. அமெரிக்கரோ ஜெர்மானியரோ ஒரு நாட்டில் தங்கும் காலம் முடிந்தால் பெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் போய்விடுவார். பெரும்பாலான இடங்களில் அவர் முன்கூட்டி விசா கேட்க வேண்டியதில்லை. கொடிக் கோட்பாடு அப்படிப்பட்டவரைத்தான் மனத்தில் வைத்திருந்தது. நமக்கு 2023-ன் கடைசியில் தாய்லாந்தும் மலேசியாவும் விசா இல்லாமல் கதவைத் திறந்தது பெரிய விஷயம். ஆனால் ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவைப் பாருங்கள். சட்டப்படி எங்கே வசிக்கிறோமோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். சியாங் மாயில் சுற்றுலாப் பயணியாக இருந்துகொண்டு பாங்காக்கில் உள்ள தூதரகத்துக்குப் போனால், இங்கே ஏன் விண்ணப்பிக்கிறீர்கள் என்பதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஊருக்குப் போய் விண்ணப்பியுங்கள் என்பார்கள். ஊரில் என்ன கேட்கிறார்கள்? சில ஆண்டு வரித் தாக்கல், சில மாத வங்கி அறிக்கை, வேலையிலிருந்தால் முதலாளி தந்த விடுப்புக் கடிதம், சொத்து இருந்தால் அதன் பத்திரம். நாடு திரும்புவீர்கள் என்பதற்கு இவைதான் அத்தாட்சி.

இதில்தான் நம் நிலைமை தலைகீழாகிறது. வேர்களை அறுத்தால்தான் சுதந்திரம் என்கிறது கோட்பாடு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கோ வேர் ஆழமாக இருப்பதைக் காட்டினால்தான் விசாவே கிடைக்கிறது. வரி ஒழுங்காகக் கட்டி, முகவரியை மாற்றாமல், வாங்கிய விசாக்களை ஒரு நாள்கூட மீறாமல் பயன்படுத்தியவருக்குத்தான் கதவுகள் அகலமாகத் திறக்கின்றன. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியர்களுக்கென அறிவித்த முறை இதற்கு நேரடிச் சான்று: மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களைச் சரியாகப் பயன்படுத்தியவர்களுக்கு இரண்டு ஆண்டு விசாவும், அடுத்து ஐந்து ஆண்டு விசாவும் தரப்படும். அந்த விசாவிலும் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். அந்த 180 நாள் ஜனவரியில் தொடங்குவதில்லை. தங்கியிருக்கும் ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். இதில் தவறுகிறவர்கள் ஏராளம்.

சுற்றுலா விசாவில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை செய்வது பல நாடுகளில் தெளிவில்லாத விஷயமாகவே இருந்தது. 2020-ல் எஸ்தோனியா தொலைவழிப் பணியாளர்களுக்கென்றே ஒரு விசா கொண்டுவந்த பிறகு பல நாடுகள் அதைப் பின்பற்றின. போர்ச்சுகல் தன் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு வருமானம் கேட்கிறது. தாய்லாந்து 2024-ல் அறிவித்த விசா ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஒரு முறை நுழைந்தால் 180 நாள் தங்கலாம். கையிருப்பாக 5 லட்சம் பாட் காட்ட வேண்டும். அதே ஆண்டு தொடக்கத்திலிருந்து, 180 நாள் தங்கி அங்கே வசிப்பவராகிவிட்டவர் வெளிநாட்டில் சம்பாதித்து உள்ளே கொண்டுவரும் பணத்துக்குத் தாய்லாந்து வரி கேட்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எஸ்தோனியாவின் ‘இ-ரெசிடென்சி’ அட்டையைச் சிலர் வசிப்புரிமை என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். அதை வைத்து அங்கே ஒரு கம்பெனி நடத்தலாம், குடியிருக்க முடியாது.

இன்னொரு நாட்டின் குடியுரிமை வாங்கிவிட்டால்? இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வாங்கிய கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும். பிறகு இந்திய வம்சாவளியினருக்குக் கிடைக்கும் ஓசிஐ அட்டையில் ஓட்டு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. 2020 மார்ச்சில் கொரோனா தொற்று பரவியபோது அந்த அட்டைக்காரர்களின் விசா இல்லாப் பயண உரிமையே சில காலம் நிறுத்திவைக்கப்பட்டது. இந்தியக் குடிமக்களும் அப்போது வாரக்கணக்கில் வெளிநாடுகளில் தவித்தார்கள் என்றாலும் மே முதல் வாரத்தில் அவர்களுக்காகச் சிறப்பு விமானங்கள் கிளம்பின. எல்லா நாடுகளும் ஒரே வாரத்தில் கதவைச் சாத்தினால், திருப்பியனுப்ப முடியாதபடி எந்த நாட்டில் உங்களுக்கு இடம் உண்டு? கிளம்பும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே எங்கேயும் நிலைக்காமல் இருப்பதைவிட, ஏதாவது ஒரு நாட்டைத் தளமாக வைத்துக்கொண்டு சுற்றுவதே நம்மவர்களுக்கு நடைமுறையில் ஒத்துவரும். ஐக்கிய அரபு அமீரகத்தைப் பலர் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. வசிப்பு அனுமதியோடு அங்கே நிலையான வீடோ வேலையோ தொழிலோ உள்ளவர், ஓராண்டு காலத்தில் 90 நாள் இருந்தாலே வரி நோக்கில் வசிப்பவராகக் கொள்ளப்படுவார். அதற்கான சான்றிதழ் இந்திய வரித்துறையிடமும் வங்கிப் படிவத்திலும் கைகொடுக்கும்.

கிளம்புவதென்று முடிவானதும் ஊரில் முடிக்க வேண்டிய வேலைகள் சில்லறையாகத் தோன்றும். சாதாரண சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். ஓடிபி வரும் சிம் கார்டு அணைந்துவிடாமல் ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்க வேண்டும். அது போனால் பாங்காக்கிலிருந்து உங்கள் சொந்தப் பணத்தையே எடுக்க முடியாது. வெளிநாடுவாழ் வாக்காளராகப் படிவம் 6ஏ மூலம் பதிந்துகொள்ளலாம், ஆனால் ஓட்டுப் போட நேரில்தான் வர வேண்டும். பயணம் செய்த தேதிகளையும் போர்டிங் பாஸ்களையும் ஒரே இடத்தில் சேர்த்துவையுங்கள். நாள் கணக்கைப் பற்றிக் கேள்வி வந்தால் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ உடம்பு முடியாமல் போய், நினைத்ததைவிட நீண்ட நாள் கோவையில் தங்க நேர்ந்தால் நாள் கணக்கு வரம்பைத் தாண்டிவிடக்கூடும். அந்த ஆண்டுக்கு வரியைக் கட்டிவிடுங்கள், விமான டிக்கெட்டைத் தள்ளிப்போடுங்கள்.